உள்ளே காற்றுள்ள சுவர்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

இன்று சுவரில் ஓட்டை விழவில்லை, குழி மட்டும்தான். பக்கத்துத் தெருவில் டைல்ஸ் வெட்டும் மெஷினைப் போட்டார்கள். சலா எழுந்தான், நேராக நடந்து போய்த் தன் இடத்தில் நெற்றியால் முட்டினான். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சியைக் கையில் கொட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் நாலைந்து முட்டு முடிந்துவிட்டது. நெற்றியெல்லாம் வெள்ளை மாவு. ரத்தம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

சிலிண்டர் போட வந்த ஆள் சுவரைப் பார்த்து, "என்னக்கா இது, அட்டைச் செவரா? செங்கல் வச்சுக் கட்டியிருக்கலாமே" என்றான். பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அதிராம்பட்டினத்தில் பாதிப் பேருக்கு இதை விளக்கி எனக்கு வாய் வலித்துப் போயிற்று. அவனிடம் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன், யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம்.

மாமனார் வீட்டை என் வீட்டுக்காரரும் இவருக்கு மூத்த காக்கா மஜீது மச்சானும் பிரித்துக்கொண்டபோது, ஹாலுக்கு நடுவில் இந்த ஜிப்சம் போர்டுச் சுவரை இவர் லீவில் வந்து தன் கையாலேயே நிறுத்தினார். ஷார்ஜாவில் இவருக்கு வேலையே அதுதான். இரும்புச் சேனல், அதற்கு இரண்டு பக்கமும் போர்டு, நடுவில் வெறும் காற்று. அந்தப் பக்கம் மச்சான் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். மற்ற மூன்று பக்கமும் செங்கல். போர்டு வருவதற்கு முன்னால் சலா செங்கலில்தான் முட்டிக்கொண்டிருந்தான். புருவத்தில் இருக்கும் தையல் தழும்பு அந்தக் காலத்தது. போர்டு வந்த ஒரு வாரத்தில் அவனே கண்டுபிடித்துக்கொண்டான் — இது டொப்பென்று சத்தம் கொடுக்கும், உள்ளே வாங்கும், மண்டையைப் பிளக்காது. இன்றைக்குப் பதினாறு வயதாகியும் வாயில் ஒரு வார்த்தை வராத பிள்ளை. இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சுவர் உடைகிறது, பிள்ளை உடையவில்லை. உடைந்த சுவரை நான் ஒட்டிக்கொள்வேன். அவ்வளவுதான் விஷயம்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

குழிக்குப் பட்டி மாவு குழைத்து வைத்தேன். மெல்லிசாக ஒரு கை, காய்ந்ததும் இன்னொரு கை. நாளைக்கு உப்புத்தாள். பழகிவிட்டது.

முதன்முதலில் ஓட்டையை அடைத்தபோது, சிமெண்டுப் பூச்சுக்குச் செய்கிற மாதிரி காலையும் மாலையும் சொம்பில் தண்ணீர் மொண்டு தெளித்தேன். தண்ணீர் காட்டாத பூச்சு நிற்குமா என்ன? போர்டு ஊறி, நனைந்த அப்பளம் மாதிரி தொங்கிவிட்டது. படம் எடுத்து இவருக்கு அனுப்பினேன். பதிலுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் போனில் இருக்கிறது. ரூமில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். "செவத்துக்கு உளூ செஞ்சு வச்சியா புள்ள?" என்கிறார், தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவிவிட்ட மாதிரி.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பெரிய ஓட்டை என்றால் சதுரமாக வெட்டி எடு, உள்ளே குறுக்கே ஒரு மரச் சட்டத்தை வைத்து ஸ்க்ரூ போடு, அளவுக்கு ஒரு போர்டுத் துண்டை வை, ஓரமெல்லாம் வலை டேப் ஒட்டு, அதற்கு மேல் பட்டி. அங்கே அடுக்குமாடி அடுக்குமாடியாகச் சுவர் நிறுத்துகிற மனுஷன், சொந்த வீட்டுச் சுவரை வாட்ஸ்அப்பில் பூசிக்கொண்டிருக்கிறார்.

22 ஆகஸ்ட், வியாழன்

கரண்ட் போய் வந்தது. ஓட்டை.

23 ஆகஸ்ட், வெள்ளி

உப்புத்தாள் போடும்போது சலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தேய்த்து முடித்த இடத்தில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். வழவழப்பு பிடித்திருக்கிறது போல. மூக்கெல்லாம் மாவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நேரத்தில் யாராவது வந்து பார்த்தால் இவனுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். யாரும் வருவதில்லை.

9 செப்டம்பர், திங்கள்

நுஸைபாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. ஜனவரியில் நிக்காஹ். மச்சானின் ஒரே பெண். இனிப்புத் தட்டோடு அவளே வந்தாள், முதல் துண்டை சலா வாயில் வைத்தாள். இந்த வீட்டில் என்னைத் தவிர அவள் கையால்தான் அவன் சாப்பிடுவான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் போன பிறகுதான் யோசனை ஓடியது. என்னை மாதிரி வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் வேறு, இந்த ஊரில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவழைப்பார்கள். அப்படியானால் சுவருக்கு அந்தப் பக்கம் இனி நுஸைபா வீடு. புது மாப்பிள்ளை படுக்கப் போகிற அறைக்கும் சலா முட்டுகிற இடத்துக்கும் நடுவில் இரண்டு போர்டு. கொஞ்சம் காற்று.

17 செப்டம்பர், செவ்வாய்

மஜீது மச்சான் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"ஷம்சாத், நீ தப்பா நெனைக்காதே. மாப்புள வீட்டுக்காரங்க நமக்குப் புதுசு. விடியக்காலைல சுபுஹு நேரத்துல டொம்மு டொம்முன்னு கேட்டா என்ன நெனைப்பாங்க?"

"அவன் வேணும்னா செய்யிறான் மச்சான்?"

"எனக்குத் தெரியாதாம்மா? அதனாலதான் சொல்றேன், நானே செங்கல் வச்சுக் கட்டித் தர்றேன். உனக்கும் இந்தப் பூச்சு வேலை மிச்சம்."

செங்கல் என்றதும் என் சத்தம் கூடிவிட்டது. "மண்டை பொளந்துடும் மச்சான்! இந்தப் போர்டுனாலதான் அவன் முழுசா இருக்கான்!" மச்சானிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, போர்டே இருக்கட்டும்" என்று எழுந்தார். போகும்போது சலாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார். நல்ல மனுஷன். கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

6 அக்டோபர், ஞாயிறு

யோசனை சொல்கிறவர்களுக்குக் குறைவில்லை. ஹெல்மெட் வாங்கிப் போடு என்றார்கள். சென்னையிலிருந்து ரப்பர் தொப்பி வரவழைத்தேன், வாரைப் பல்லாலேயே கடித்து அறுத்துவிட்டான். மெத்தையைச் சுவரில் கட்டு என்றார்கள், கட்டினேன். டொப் சத்தம் வரவில்லை என்று அடுத்த சுவருக்குப் போய்விட்டான், செங்கலுக்கு. நானே பதறிப்போய் மெத்தையை இழுத்துக் கீழே போட்டேன். ஸ்கூலில் இனி அனுப்ப வேண்டாம் என்று சொன்னபோதே யோசனைகள் தீர்ந்துவிட்டன என்று நினைத்தேன். இல்லை, இன்னும் வைத்திருக்கிறார்கள்.

19 அக்டோபர், சனி

மழை. கரண்ட் இல்லை. இரண்டு ஓட்டை. பட்டி காயவே மாட்டேன் என்கிறது.

27 நவம்பர், புதன்

விடாத மழை. முத்துப்பேட்டைப் பக்கம் வயலெல்லாம் முழுகிக் கிடக்கிறது என்று மீன்காரி தங்கம்மாள் சொன்னாள். இங்கே போர்டு முழுக்க ஈரம் ஏறி, பழைய ஒட்டெல்லாம் பெயர்ந்து வருகிறது. காலையில் ஒட்டியதை மதியம் உடைத்தான். மதியம் ஒட்டவில்லை. எதற்கு ஒட்ட வேண்டும்?

எனக்கு நாற்பத்திரண்டு. எனக்கு அறுபது ஆகும்போது அவனுக்கு என்ன வயது என்று கணக்குப் போடவே பயமாக இருக்கிறது. அப்போது யார் ஒட்டுவார்கள்? எனக்கு ஒரு நாள் முன்னால் அவனை எடுத்துக்கொள் ரப்பே என்று துஆ கேட்கிற உம்மா இந்த உலகத்தில் நான் ஒருத்திதானா — வேண்டாம். இதை அடித்துவிடுகிறேன்.

அடிக்க மனசு வரவில்லை. கேட்டது கேட்டதுதானே.

16 டிசம்பர், திங்கள்

கல்யாண வேலை தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் வெள்ளையடிப்பு. மச்சான் வந்து, "வைரக்கண்ணு கொத்தனார் வர்றாரு. அந்தப் போர்டையும் அவரை வச்சே சுத்தமா சரிபண்ணிடறேன். ஒரே ஒட்டா கெடக்கு, பாக்க நல்லாயில்ல" என்றார்.

"போர்டுதானே மச்சான் வைப்பாங்க?"

"போர்டேதாம்மா. உன்னையக் கேக்காம வேற எதையும் வைப்பேனா?"

எப்படியும் சலாவை டாக்டரிடம் காட்டத் தஞ்சாவூர் போக வேண்டும். பெயிண்ட் வாடை அவனுக்கு ஆகாது. வேலை முடியும்வரை அங்கேயே கூடப்பிறந்த ராத்தா வீட்டில் தங்கிவிட்டு வரலாம்.

20 டிசம்பர், வெள்ளி

தஞ்சாவூரிலிருந்து மதியம் வந்து சேர்ந்தோம். டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதே மருந்து, அதே "பழகிக்கணும்மா".

ஆனால் சுவர்! சலாவின் இடத்தில் என் ஒட்டுகள் ஒன்றுகூட இல்லை. புதுப் போர்டு, மேலே பட்டி, வெளிர்ப் பச்சை பெயிண்ட். எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை. இத்தனை நாள் நான் பூசியதெல்லாம் பூச்சா என்று வெட்கமாக இருந்தது. மச்சானுக்குக் கறிக் குழம்பு கொடுத்து அனுப்பினேன். "இனிமே உனக்குக் கவலையே இல்ல பாரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருக்கிறது.

22 டிசம்பர், ஞாயிறு. தஞ்சாவூர், ஆஸ்பத்திரி

மருந்துச் சீட்டெல்லாம் இந்த டைரியில்தான் வைத்திருப்பேன், அதனால் இதுவும் பையில் வந்துவிட்டது. எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

நேத்து காலைல மிக்ஸி போட்டேன். சட்னிக்கு. ஒரே ஒரு சுத்து. எழுந்து போனான். போகட்டும்னு விட்டேன் — போர்டுதானே. புதுசா இருக்கேன்னு சின்னதா ஒரு வருத்தம், அவ்வளவுதான்.

டொப்புன்னு கேக்கல. வேற சத்தம். தேங்காய ஒடைச்ச மாதிரி.

அவனுக்கும் புரியல. திரும்பி என்னைப் பாத்தான். ரத்தம் கண்ணுல எறங்குது, அப்படியே என்னைப் பாத்தான். சத்தம் வரலையேன்னு திரும்பவும் முட்டினான், இன்னும் பலமா. நான் போய் இழுக்கிறதுக்குள்ள — இழுக்க முடியல, அவன் என்னைவிட ஒசரம் — மச்சானும் நுஸைபாவும் ஓடி வந்து — நுஸைபா கையெல்லாம் ரத்தம், மருதாணி வச்ச மாதிரி — என்ன எழுதுறேன் நான்.

உள்ள என்னத்த வச்சாங்க? போர்டுக்குள்ள என்ன இருக்கு?

24 டிசம்பர், செவ்வாய்

தையல் போட்டார்கள். மண்டைக்குள் ரத்தக்கட்டு இல்லை என்று ஸ்கேனில் தெரிந்தது. மூச்சு விட்டேன். பிறகு கண் டாக்டர் வந்தார்.

வலது கண்ணில் பின்னால் இருக்கும் திரை கழன்றுவிட்டதாம். இத்தனை வருஷம் முட்டியதில் நைந்து இருந்திருக்கும், இந்த அடியில் முழுதும் போய்விட்டது என்றார். ஆபரேஷன் செய்யலாம். ஆனால் அதற்குப் பிறகு நாள்கணக்கில் குப்புறப் படுத்தபடியே இருக்க வேண்டும். தலை அசையக் கூடாது. கண்ணைத் தேய்க்கவே கூடாது. "உங்க பையனால முடியுமாம்மா?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அந்த டாக்டர் பாவம், சின்ன வயசுப் பெண், பயந்துபோய் நர்ஸைப் பார்த்தாள். முடியாது என்று நான் வாயால் சொல்லவில்லை. அவளே எழுதிக்கொண்டாள்.

இடது கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்றால் இனி ஓர் அடிகூடப் படக் கூடாதாம். "போர்டில் முட்டினால்?" என்று கேட்டேன். "எதுலயும் கூடாதும்மா." மூளை டாக்டரும் கண் டாக்டரும் பேசி, அவன் அடங்கி இருக்க மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

29 டிசம்பர், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். சாயங்காலம் வைரக்கண்ணு வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"தட்டிப் பாத்தேம்மா. அந்த எடம் பூரா பொக்கு பொக்குன்னு கேட்டுச்சு. பூச்சுல பொக்கு இருந்தா வேலை கெட்டதுன்னு அர்த்தம். தொறந்து பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. எவனோ ஏமாத்திட்டுப் போயிருக்கான்னு நெனைச்சேன். தம்பி முட்டி முட்டி ஒடையுதுன்னு வேற சொன்னாங்க. அதான் செங்கலை நெட்டுக்கு நிறுத்தி, கலவையைக் கெட்டியாப் போட்டு, ஆள் ஒசரத்துக்கு அடைச்சுட்டு மேல போர்டு வச்சேன். யாருகிட்டயும் சொல்லக்கூட இல்லம்மா. கல்யாண வீடு, திடமா இருக்கட்டும்னு நானாத்தான் செஞ்சேன்."

அவரை என்ன சொல்வது? தட்டிப் பார்ப்பதும், பொக்காக இருந்தால் அடைப்பதும் அவர் தொழில். இந்த ஜில்லாவில் எந்தக் கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். மச்சானை என்ன சொல்வது? போர்டு வைக்கச் சொன்னார், போர்டுதான் வைத்திருக்கிறது. நானும் போர்டுதானே என்று மட்டும்தான் கேட்டேன். உள்ளே காற்று இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள் என்று யார் யாரிடம் சொல்லுவார்கள்?

ஒருவராவது வேண்டுமென்று செய்திருந்தால் நான் சாபமாவது விடுவேன். எல்லாரும் நல்லதுதான் நினைத்தார்கள். என் பிள்ளைக்கு ஒரு கண் இல்லை.

3 ஜனவரி 2025, வெள்ளி

இவர் வந்துவிட்டார். கல்யாணத்துக்கு எடுத்த டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு வந்தார். சலா முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவன் பிடிக்க விட்டான். முன்பெல்லாம் விட மாட்டான், தள்ளிவிடுவான். இப்போது மருந்து.

7 ஜனவரி, செவ்வாய்

இரண்டு நாளாக இவர் சுவரை உடைத்தார். செங்கல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சேனலை நேராக்கி, புதுப் போர்டு மாட்டி, இன்று பட்டி. நானும் கூடவே வைத்தேன். இத்தனை வருஷம் போனில் கேட்ட குரல் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. "மெல்லிசா புள்ள, மெல்லிசா. அழுத்தாதே."

எனக்குப் பொறுக்கவில்லை. "இனிமே போர்டுலயும் முட்டக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்களே, பின்ன எதுக்கு இதைச் செய்யிறீங்க?"

பட்டித் தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கு வேற என்ன புள்ள தெரியும்?" என்றார்.

தட்டிப் பார்த்தேன். டொப்பென்று அழகாகக் கேட்டது. சலா ஹாலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். எந்தச் சுவரும் எட்டாத இடத்தில். திரும்பவில்லை.

19 ஜனவரி, ஞாயிறு

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. நுஸைபா ராணி மாதிரி இருந்தாள். கூட்டம், மைக், வாசலில் ஜெனரேட்டர். முன்பு என்றால் அன்றைக்கு நான் சலாவை அழைத்துக்கொண்டு பேராவூரணிப் பக்கம் எங்காவது தோப்புக்குள் போயிருப்பேன். இன்று அவன் ஜெனரேட்டருக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான். நான் ஊட்டினேன். வாயைத் திறந்தான், மென்றான், திறந்தான். "மாஷா அல்லாஹ், புள்ள எவ்ளோ மாறிட்டான்" என்று நாலு பேர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

28 ஜனவரி, செவ்வாய்

இவர் கிளம்பிவிட்டார்.

6 பிப்ரவரி, வியாழன்

சம்பா அறுவடை. காலையிலிருந்து அறுக்கிற மெஷின்கள் தெருவை அடைத்துக்கொண்டு போகின்றன, ஜன்னலெல்லாம் அதிர்கிறது. நான் இரண்டு கையையும் காலியாக வைத்துக்கொண்டு சலா பக்கத்தில் நின்றேன். அவன் எழவில்லை. இடது கண் மட்டும் கொஞ்சம் அசைந்தது, பிறகு அதுவும் இல்லை. எழுந்திருடா என்று ஒரு கணம் மனசு கத்தியது. எழுந்து போய் ஓர் ஓட்டை போடு, உம்மா ஒட்டித் தர்றேன். அப்படி நினைக்கலாமா நான்? மிச்சம் இருப்பது அந்த ஒரு கண்தான்.

மதியம் நுஸைபா வட்டலப்பம் கொண்டுவந்தாள். சலாவுக்கு அவளே ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். போகாமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னடி?"

"நேத்து மாப்புள என்கிட்ட கேட்டாங்க சாச்சி. வந்து இத்தனை நாளாச்சு, செவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரலையே, அங்க யாரும் குடியில்லையான்னு."

"நீ என்ன சொன்னே?"

"இருக்காங்கன்னு சொன்னேன்."